தெளிந்து வந்த தண்ணீர்

வார்டில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. கழுவல் சிஸ்டர். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் சொன்னார்கள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷமே என் காதுக்கு வந்துவிட்டது. கோபம் வரவில்லை. உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையைப் பற்றித்தான் இப்போது எழுதப் போகிறேன்.

எழுதச் சொன்னவர்கள் நர்சிங் மாணவிகள். ஓய்வு பெற்றவர்களின் அனுபவங்களைத் தொகுத்து மலர் போடுகிறார்களாம். "எங்களுக்கு உற்சாகம் குடுக்கற மாதிரி எழுதுங்க மேடம்" என்றார்கள். மன்னிக்க வேண்டும், என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. தனம் என்கிற பெண்ணுக்கு நான் நல்லது செய்தேனா, கெடுதல் செய்தேனா என்ற ஒரே கேள்விதான் இருக்கிறது. அதுவும் போன மாதம் வரை எனக்கு இவ்வளவு பெரியதாகத் தெரியவில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கடலூரில் படித்தேன். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் ஆறு கட்டிலையும் திரும்ப விரிக்க வைப்பார்கள். பிறகு கள்ளக்குறிச்சிக்கும் கச்சிராயபாளையத்துக்கும் நடுவில் இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். அது மூடி வருஷமாகிறது. நாற்பது கட்டில், ஒரு ஆபரேஷன் தியேட்டர், ஒரு சர்ஜன்.

அந்த சர்ஜனை எல்லோரும் பெரிய டாக்டர் என்போம். சின்ன டாக்டர் என்று ஒருவரும் இருந்ததில்லை. ஒல்லியான மனிதர். குப்பை அள்ளுபவரையும் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ரவுண்ட்ஸ் வரும்போது எங்களிடம் மூன்று கேள்வி கேட்பார். "பார்த்தீங்களா? தொட்டீங்களா? எழுதினீங்களா?" மூன்றுக்கும் ஆமாம் என்றால் அடுத்த கட்டிலுக்குப் போவார். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அங்கேயே நின்றுகொண்டு, நாம் அதைச் செய்து முடிக்கும்வரை ஜன்னலைப் பார்ப்பார். திட்டு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலிக்காது. ஆர்டர் எல்லாம் பென்சிலில்தான் எழுதுவார். அதில் இல்லாத வேலை நடக்கக் கூடாது, இருக்கிற வேலை நிற்கக் கூடாது. இந்த இரண்டாவது விதியை நான் பிடித்துக்கொண்ட பிடிதான் இந்தக் கதை.

மலக்குடலில் பெரிய காயம் பட்டவர்களுக்கு, காயத்தின் மேல் மலம் படாமல் இருக்க, பெருங்குடலின் ஒரு வளைவை வயிற்றுக்கு வெளியே எடுத்துத் திறந்து வைப்பார்கள். உள்ளே நழுவாமல் இருக்க அடியில் ஒரு கண்ணாடிக் கம்பி. திறந்த இடத்தில் இரண்டு வாய் இருக்கும். மேல்வாய் வழியாக மலம் வெளியே வந்துவிடும். கீழ்வாய்க்குப் பின்னால் இருக்கிற குடலுக்கு அப்போது வேலை இல்லை, சும்மா கிடக்கும். காயம் ஆறியதும் இரண்டு வாயையும் மூடி உள்ளே தள்ளினால் மனிதர் பழையபடி ஆகிவிடுவார். வயிற்றில் ஒட்டி மலத்தைப் பிடிக்கிற இந்தக் காலத்துப் பிசின் பைகள் எல்லாம் அப்போது கிடையாது. பஞ்சும் துணியும் எண்ணெய்த் துணியும் வைத்துக் கட்டுவோம். சுற்றிலும் தோல் வெந்துபோகாமல் ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு தடவுவோம்.

மேல்வாயிலிருந்து வருவதில் கொஞ்சம் கீழ்வாய்க்குள் நழுவும். அது காயத்தில் போய்ச் சேர்ந்தால் சீழ் பிடிக்கும். அதனால் பெரிய டாக்டர் எழுதுவார்: கீழ்க்குடலைத் தினமும் கழுவவும்.

கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். அதில் ஒன்பது கிராம் உப்பு. கண்ணளவில் போடமாட்டேன், மருந்துத் தராசில் நிறுத்துத்தான் போடுவேன். தண்ணீர் என் மணிக்கட்டின் உள்பக்கத்துக்கு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கேனை நோயாளியின் வயிற்றுக்கு ஒன்றரை அடி உயரத்தில் மாட்டுவேன், அதற்கு மேல் போனால் வலிக்கும். சிவப்பு ரப்பர் டியூப்பில் வாஸ்லின் தடவி, நாலு விரல் நீளம் உள்ளே. கீழே வந்து விழுகிற தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பேன். மற்ற நர்சுகள் இரண்டு தடவை விட்டு முடித்துக்கொள்வார்கள். எனக்கு டம்ளருக்கு அந்தப் பக்கம் ஜன்னல் கம்பி தெரிய வேண்டும். தெரியும்வரை விடுவேன். ஐந்து தடவை ஆனாலும் சரி. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

தனம் வந்தது அப்போதுதான். கருணாபுரத்துப் பெண், இருபத்திரண்டு வயசு. நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு, எதற்குக் கூப்பிட்டாலும் போய்க் கூலி வாங்குகிறவள். வீட்டிலேயே இரண்டு நாள் வலியெடுத்துப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒன்றும் இல்லை. தாய்க்குப் பின்பக்கம்வரை கிழிந்து, மலம் போகக்கூடாத வழியாகப் போனது. பெரிய டாக்டர் முதலில் வயிற்றில் வழி வைத்தார், பிறகு கிழிசலைத் தைத்தார். ஆறு வாரத்தில் தையல் அழகாகக் கூடிவிட்டது.

தையல் ஆறிய பிறகு கழுவத் தேவையில்லை. ஆனால் நிறுத்தச் சொல்லி ஆர்டர் வரவில்லை. நானும் கேட்கவில்லை. இரத்தம் குறைவு, அது தேறட்டும் என்று மூடுகிற ஆபரேஷனைத் தள்ளிப் போட்டிருந்தார். அத்தனை வாரமும் நான் கழுவிக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் டம்ளரில் சிவப்பாக வந்தது. அடுத்த வாரம் இன்னும் அதிகம். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குழாயின் விளக்கு வெளிச்சத்தில் குடலின் உள்சுவர் தோலுரிந்த மாதிரி இருந்தது, தொட்ட இடமெல்லாம் கசிந்தது. துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். வீக்கமும் புண்ணும் இருக்கிறது, காரணம் உறுதியில்லை என்று பதில் வந்தது. குடலிலேயே ஏதோ வியாதி, இதைக் கொண்டுபோய் இணைத்தால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் முடிவு செய்தார். கீழ்க்குடலை எடுத்துவிட்டுப் பின்வழியைத் தைத்து மூடினார். வயிற்றில் இருந்த வாய் ஆயுசுக்கும் ஆகிவிட்டது.

சொன்னபோது தனம் அழவில்லை. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். "இத்தோட வேலைக்குப் போவலாமா சிஸ்டர்?"

போகலாம் என்றேன். போனாள். நடவு வரிசையில் அவளுக்கு இரண்டு பக்கமும் நிற்க ஆள் வரவில்லை. புருஷன் ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பெங்களூர்ப் பக்கம் போனவன் போனவன்தான்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துச் சடையன் வந்தார். கல்வராயன் மலைக்காரர், முப்பது வயசு இருக்கும். கடுக்காய் உலுக்க மரம் ஏறியவர் கிளை முறிந்து, வெட்டிவிட்ட மூங்கிலின் கூர்முனைமேல் உட்கார்ந்த வாக்கில் விழுந்திருந்தார். டோலி கட்டித் தூக்கிவந்து, பாதி வழியில் கரும்பு லாரி பிடித்துக் கொண்டுவந்தார்கள். கூட வந்தது அவர் மனைவி அலமேலு. அதே ஆபரேஷன், அதே இரண்டு வாய், அதே ஆர்டர். மலையில் போய்ப் பார்த்துக்கொள்ள முடியாது என்று இரண்டரை மாதம் வார்டிலேயே இருந்தார்கள். சக்கை குறைவாக இருக்கட்டும் என்று ரொட்டி, பால், குழைந்த அரிசிக் கஞ்சி மட்டும் கொடுத்தோம். காயம் ஆறியது. நான் தினமும் ஜன்னல் கம்பி தெரிகிறவரை கழுவினேன். பத்தாவது வாரம் டம்ளரில் சிவப்பு.

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு அதைத் தட்டில் வைத்தார். "தனம் கேஸ் மாதிரியேதான் இருக்கு சிஸ்டர்" என்றார். எடுத்துவிடுவது என்று முடிவானது. "ஊருக்குப் போய் வெதப்புக்கு ஏற்பாடு செஞ்சிட்டு வந்துடறேங்க" என்று சடையன் கேட்டார். இரண்டு வாரம் கொடுத்தார் டாக்டர். நான் அலமேலுவுக்குக் கழுவக் கற்றுக்கொடுத்து, டியூப்பும் உப்புப் பொட்டலமும் துணி மூட்டையும் கட்டிக் கொடுத்தேன். ஒரு நாள் விட்டாலும் விளைவுக்கு நீதான் பொறுப்பு என்று பயமுறுத்தியும் அனுப்பினேன். அப்படிப் பேசுகிற ஆள்தான் நான்.

அவர்கள் வரவேண்டிய வாரத்தில்தான் ரோடு நின்றது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜில்லா முழுக்க மறியல். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டி நெடுகக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை. டவுனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நான் நடந்தே போனேன். மரத்துக்கு மரம் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறி இறங்கினேன். ஒரு இடத்தில் கோடாலியோடு நின்றிருந்தவர், நான் முன்பு அப்பெண்டிக்ஸ் தையல் பிரித்துவிட்டவர். "சிஸ்டர், நீங்க போங்க, ஒண்ணும் ஆவாது" என்று கிளையை ஒதுக்கிப் பிடித்தார். "ஆஸ்பத்திரில ஆக்சிஜன் சிலிண்டர் தீரப் போவுதுப்பா" என்றேன். அவர் முகம் தொங்கிப் போயிற்று. "எங்களுக்கும் வேற வழி தெரியல சிஸ்டர்" என்றார். அவர் பிள்ளை இரண்டு வருஷமாக வேலைக்கு மனு போட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அவர் பிடித்திருந்த கிளையைத் தாண்டி நடந்தேன்.

மறியல் ஒரு வாரத்தில் முடிந்தது. ஆனால் துப்பாக்கிச் சூடு, கைது, தேடுதல் என்று பயம் போகவில்லை. மலைக்குப் போகிற ஒரே வண்டியும் ஓடவில்லை. அது சரியாகும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு மலை ரோடு சரிந்தது. சடையன் வரவில்லை. இரத்தம் போய்ச் செத்திருப்பார் என்றே நினைத்தேன். பெரிய டாக்டர் தினமும் காலையில் "மலைக்காரர் வந்தாரா?" என்று கேட்டார்.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, ஒரு காலையில் இருவரும் நடந்து வந்து வராந்தாவில் நின்றார்கள். சடையனுக்குக் கன்னத்தில் சதை வைத்திருந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. அலமேலுவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"தினம் கழுவினியா?"

தரையைப் பார்த்தாள். "பத்துப் பன்னெண்டு நாளு கழுவினேங்க. அப்பறம் அந்த டியூப்பு வெடிச்சுப்பூச்சு. வேற வாங்கலாம்னா கீழ எறங்க ரோடு இல்ல. வுட்டுட்டேங்க."

"சாப்பிட என்ன குடுத்த?"

"சாமச் சோறுங்க. மொச்சக்கொட்டக் கொழம்பு. கீர. கேவுரு களி. நீங்க சொன்ன ரொட்டிக்கி நாங்க எங்கங்க போவோம்?"

"புருஷன நீயே கொல்லப் பாத்தியா?" என்று கேட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வார்த்தைக்கு இன்றைக்கும் நான் வெட்கப்படுகிறேன்.

"ரத்தம் நின்னு ஒரு மாசமாவுதுங்க" என்றாள் அடங்கின குரலில். நான் நம்பவில்லை.

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டார். "நீங்களே பாருங்க சிஸ்டர்." பார்த்தேன். உதட்டின் உள்பக்கம் எப்படி இருக்குமோ அப்படி ஒரே சீராக, ஈரமாக, இளஞ்சிவப்பாக இருந்தது. சுவரில் சாமையின் உமி ஒன்று ஒட்டியிருந்தது. மேல்வாயிலிருந்து நழுவி உள்ளே போனது. முன்பு நான் ஒரு நாளும் அங்கே தங்கவிட்டிராத பொருள்.

அவர் பென்சிலை எடுத்து எழுதினார்: கழுவுவதை நிறுத்தவும். அந்த ஆர்டரை நான் முதன்முதலில் பார்த்தது அன்றைக்குத்தான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரே ஒரு தடவை கழுவினோம். குடலை எடுக்கவில்லை, இணைத்து உள்ளே வைத்து மூடினார். காற்றுப் பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம், அதுவரை எங்களுக்குச் சோறு இறங்காது. மூன்றாம் நாள் சடையன் கூச்சத்தோடு, "போச்சுங்க" என்றார். அலமேலு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பெரிய டாக்டர் அதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

அவர்கள் ஊருக்குப் போன அன்று தியேட்டரில் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். பயத்தோடுதான் கேட்டேன். "தனத்துக்கும் இதே மாதிரி விட்டிருந்தா சரியாயிருக்குமா டாக்டர்?"

குழாயை மூடினார். வெகுநேரம் கையைத் துடைத்தார். "இவருக்கு ஏன் சரியாச்சுன்னே எனக்குத் தெரியல சிஸ்டர். தெரியலன்னு எழுதி வையுங்க. நீங்க என்ன செஞ்சீங்க, அவங்க என்ன செய்யாம விட்டாங்க, ரெண்டையும் எழுதுங்க. பின்னால வர்றவங்க யாராவது பார்ப்பாங்க."

நான் எழுதவில்லை. பார்த்திருந்தேன், தொட்டிருந்தேன், எழுதவில்லை. எழுதினால் என் பெயரை எழுத வேண்டும் என்று பயம். அதற்குப் பிறகு வந்த நோயாளிகளுக்குக் காயம் ஆறியதுமே "கழுவறத நிறுத்தலாமா டாக்டர்?" என்று கேட்கத் தொடங்கினேன். காரணம் தெரியாமலே கேட்டேன். பெரிய டாக்டர் காலமாகி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அவரும் காரணம் தெரியாமலேதான் போனார்.

போன மாதம் மாணவிகளின் விழாவுக்கு என்னைக் கூப்பிட்டு முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். குடல் நோய் படித்த ஓர் இளம் டாக்டர் நார்ச்சத்தைப் பற்றிப் பேசினார். கீரை சாப்பிடச் சொல்லப் போகிறார் என்று கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். சிறுதானியத்திலும் பயறிலும் கீரையிலும் இருக்கிற நாரை நம்மால் செரிக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்கு வருகிறது. அங்கே கோடி கோடியாக இருக்கிற பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துச் சின்னச் சின்னக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அதில் பியூட்டிரேட் என்று ஒன்று. பெருங்குடலின் உள்சுவரில் இருக்கிற செல்களுக்கு முக்கியமான சாப்பாடு அதுதான். உடம்பின் மற்ற பாகங்களுக்கு இரத்தம் சோறு கொண்டுவருகிறது. இந்தச் சுவருக்கோ, பெரும்பங்கு இந்தக் கிருமிகள் ஆக்கிப் போடுவதுதான். அது கிடைக்காவிட்டால் சுவர் பட்டினி கிடந்து புண்ணாகும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "வயித்துல வழி வெச்சு, கீழ்க்குடலை வேலையில்லாம விட்டா, அது வீங்கி ரத்தம் கசியறது இதனாலதான்னு நெறைய பேர் கருதறாங்க. திரும்ப இணைச்சா தானா ஆறிடும்" என்றார். மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள், யார் போர்த்தினார்கள் என்று பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்து அவரை ஓரமாக நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது கிராம் உப்பு, ஜன்னல் கம்பி, சாமை உமி, எல்லாம். பொறுமையாகக் கேட்டார். "வழி வெச்சதுனாலயே அப்படி ஆயிருக்கும் மேடம். நீங்க கழுவினதுதான் காரணம்னு சொல்ல முடியாது" என்றார்.

"கழுவாம இருந்திருந்தா?"

யோசித்தார். நல்ல பிள்ளை, பொய் சொல்ல வரவில்லை. "நழுவிப் போற கொஞ்சமாவது அந்தக் குடலுக்குக் கெடைச்சிருக்கும். மலைக்காரருக்குக் கெடைச்சிருக்கு. அதனாலதான் சரியாச்சுன்னு ஒரே கேஸை வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது மேடம். ஆனா பொருந்துது."

எனக்கு அது போதும். அந்தக் குடலுக்குக் கிடைத்த ஒரே கவளத்தை நான் தினமும் காலையில் அளந்த உப்புத் தண்ணீரால் வெளியே தள்ளியிருக்கிறேன். சுத்தமாகிவிட்டதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மகிழ்ந்துமிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து ஷேர் ஆட்டோ பிடித்துக் கருணாபுரம் போனேன். தனத்தோடு எனக்குத் தொடர்பு அறுந்ததில்லை. பிசின் பைகள் வர ஆரம்பித்ததிலிருந்து நான்தான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பேன். வயல் வேலை போன பிறகு வீட்டிலேயே கீற்று முடைந்து மகளை வளர்த்தாள். மகள் இப்போது துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். நான் போனபோது அவள் வீட்டில் இல்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

தனம் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்காராமலே சொல்லத் தொடங்கினேன். டாக்டர் சொன்னதை, மலைக்காரருக்கு நடந்ததை, நான் நிறுத்தக் கேட்காததை. "உன் கொடல எடுத்திருக்கவே வேண்டாம் தனம். அப்படியே இணைச்சிருந்தா நீ எல்லாரையும் மாதிரி இருந்திருப்ப. அதுல என் கையும் இருக்கு" என்றேன்.

அவள் கீற்றின் ஓலையைக் கிழித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கையை நிறுத்தினாள்.

"அந்தத் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும் சிஸ்டர்" என்றாள். "எனக்கு இன்னும் ஞாபகம் இருக்குது. எங்க வூட்டுக்காரரு கட்டில் கிட்ட வரல. எங்கம்மாவே மூக்கப் பொத்திக்கினு தள்ளி நின்னுக்கினு இருந்தா. நீங்க ஒருத்தர்தான் தெனம் காலைல வந்து, கையால தொட்டு, மூஞ்சி சுளிக்காம கழுவி வுட்டீங்க. அதப் போயித் தப்புன்னு சொல்றீங்க. அத வுட்டா எனக்கு அப்ப இன்னா இருந்துச்சு?"

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

ஓலையை ஓரமாக வைத்துவிட்டு, "பை மாத்தற நேரம். வந்ததுதான் வந்தீங்க, மாத்தி வுடுங்க சிஸ்டர்" என்றாள். அடுப்பில் தண்ணீர் வைத்துச் சொம்பில் ஊற்றிக்கொண்டு வந்தாள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். வாயைச் சுற்றியிருந்த தோலைத் துடைத்து, காயவிட்டு, புதுப் பையை ஒட்டினேன். உள்ளே கழுவ ஒன்றும் இல்லை. கீழ்வாய் இருந்த இடத்தில் அரை அங்குலத் தழும்பு மட்டும் இருந்தது.